பதிப்பு மாறும்போது பழைய கணக்கை என்ன செய்வது?

குளுவாங் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் நால்வரும் 2020 முதல் வார்ஹாமர் 40,000 மேசைப்போர் விளையாட்டின் 9ஆம் பதிப்பை விளையாடி, ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்திருக்கிறார்கள். பிறகு 10ஆம் பதிப்புக்கு மாறினார்கள். பழைய வெற்றி தோல்விக் கணக்கை அப்படியே தொடர்வதா, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா என்பதில் அவர்களுக்குள் மனத்தாங்கல் வந்திருக்கிறது. பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டதால், அவர் பெயரை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

அழிக்கவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம் என்பதே என் பதில். அழித்தால் நடந்த ஆட்டங்கள் நடக்காதவை ஆகிவிடும். தொடர்ந்தால் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு விளையாட்டுகளின் முடிவுகளை ஒன்றாகக் கூட்டியதாகிவிடும். கடைசி 9ஆம் பதிப்பு ஆட்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதுவரையிலான கணக்கைக் கூட்டி முடித்து, அடுத்த பக்கத்தில் பத்தாம் பதிப்பு என்று தலைப்பிட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இதோடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால் காரணம் தெரியாமல் போட்ட கோட்டை அடுத்த வாக்குவாதத்திலேயே யாராவது மறந்துவிடுவார்கள். ஆகையால் காரணத்தையும் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டில் வசிப்பவன். 2008இல் வெளிவந்த 5ஆம் பதிப்பில் இந்த விளையாட்டைத் தொடங்கினேன். அதன்பின் 2012, 2014, 2017, 2020, 2023 என்று ஐந்து முறை பதிப்பு மாறக் கண்டிருக்கிறேன். இவற்றுள் 2017இல் நாங்கள் செய்த தவறுதான் எனக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தது. அப்போது எங்கள் குழுவில் ஏழு பேர் இருந்தோம். 7ஆம் பதிப்புக் கணக்கை 8ஆம் பதிப்பிலும் நிறுத்தாமல் தொடர்ந்தோம். தேதி, இருவர் பெயர், வென்றவர் யார் என்பதைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. அதுவரை பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த, இம்பீரியல் கார்டு டாங்கிப் படை வைத்திருந்த ஒருவர், மாற்றத்துக்குப் பிறகு தொடர்ந்து வெல்லத் தொடங்கினார். ஆட்டத்தில் தேறிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். விதி அவருக்குச் சாதகமாக மாறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எது உண்மை என்று காட்ட எங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. உழைத்துத் தேறியிருக்கக்கூடிய ஒருவரின் வெற்றியைப் புத்தகம் வைத்திருந்தும் நிரூபிக்க முடியாமல் போனதை இன்றைக்கும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

விதி எந்த அளவுக்கு மாறும் என்பதை எண்களைப் பார்த்தால்தான் உணர முடியும். 7ஆம் பதிப்பில் ஒரு ஸ்பேஸ் மரீன் வீரரின் சுடும் திறன் 4. சாதாரண கார்டு வீரரின் திறன் 3. எண் பெரிதானால் திறன் பெரிது. 8ஆம் பதிப்பில் பகடையில் விழவேண்டிய எண்ணையே திறனாக அச்சிட்டார்கள். அதன்படி மரீனுக்கு 3+, கார்டு வீரருக்கு 4+. உண்மையில் இருவரின் குறிபார்க்கும் திறனும் துளிகூட மாறவில்லை; மரீன் முன்பும் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குறி தப்பாமல் சுட்டார், பின்பும் அப்படியே. ஆனால் பழைய படைப்பட்டியலையும் புதியதையும் பதிப்புக் குறிப்பில்லாமல் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, இரண்டு வீரர்களும் இடம் மாறிக்கொண்டதுபோலத் தெரியும்.

கவசத்தைத் துளைக்கும் எண் இதைவிட ஆபத்தானது. பழைய விதியில் துளைப்பு 3 என்றால், 3+ அல்லது அதைவிடப் பலவீனமான கவசத்துக்குத் தற்காப்பே கிடையாது. புதிய விதியில் துளைப்பு 3 குறைப்பு என்றால், தற்காப்புப் பகடையிலிருந்து 3ஐக் கழிக்க வேண்டும் என்று பொருள். அதே 3+ கவசக்காரர் 6 விழுந்தால் பிழைத்துக்கொள்வார். இரண்டிலும் 3 என்ற எண்ணே வருவதால், பழைய விதியில் ஊறியவர்கள் முதல் சில மாதங்கள் தங்களை அறியாமலேயே எதிராளியின் வீரர்களைத் தவறாக அகற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் அகற்றியிருக்கிறேன்.

உங்களுக்கு நெருக்கமான 9, 10ஆம் பதிப்புகளுக்கு வருவோம். மனவுறுதி என்ற எண் 9ஆம் பதிப்பில் பெரிதாக இருந்தால் நல்லது. 10ஆம் பதிப்பில் இரண்டு பகடையில் எட்டவேண்டிய எண்ணாக அது மாறியதால், சிறிதாக இருந்தால் நல்லது. மனவுறுதி குலைவதன் விளைவும் மாறிவிட்டது. முன்பு அந்த முறை ஆட்டத்தில் ஆளிழந்த பிரிவு சோதனையில் தவறினால் வீரர்கள் ஓடிப்போனார்கள். இப்போது பாதிக்கும் கீழே குறைந்த பிரிவு தன் கட்டளைக் கட்டத்தில் சோதனைக்கு உட்படுகிறது. தவறினால் ஆட்கள் அங்கேயேதான் நிற்பார்கள், ஆனால் காலடியில் இருக்கும் இலக்கைத் தமதென்று கணக்கிட முடியாது. முன்பு ஓடிய வீரர்களைக் கையால் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தோம். இப்போது அவர்கள் மேசைமீதே இருப்பதால், குலைந்த பிரிவின் பக்கத்தில் ஓர் அடையாளம் வைக்காவிட்டால் ஆட்ட மும்முரத்தில் இருவருமே மறந்துவிடுவோம். நாங்கள் கோலிக்குண்டு வைக்கிறோம்.

வாகனங்களைப் பாருங்கள். 9ஆம் பதிப்பில் லேண்ட் ரைடர் வண்டியின் உறுதி 8. மெல்ட்டா துப்பாக்கியின் வலிமை 8. இரண்டும் சமமாக இருந்ததால் 4+ விழுந்தால் சேதம். 10ஆம் பதிப்பில் வண்டியின் உறுதி 12 ஆக உயர்ந்தது. மெல்ட்டாவின் வலிமை 9 மட்டுமே ஆனதால் இப்போது 5+ வேண்டும். லேஸ்கேனன் பீரங்கியின் வலிமை 9இலிருந்து 12 ஆக வளர்ந்தும், 3+ என்றிருந்த வாய்ப்பு 4+ என்று சுருங்கியது. 9ஆம் பதிப்பில் மெல்ட்டாவை நம்பிக் கனரக வண்டிகளை வேட்டையாடிய ஒருவர் அதே பொம்மைகளோடு, அதே மேசையில், அதே மதியூகத்தோடு விளையாடினாலும் 10ஆம் பதிப்பில் வேறு முடிவைத்தான் காண்பார். அவருடைய பழைய வெற்றிகளும் புதிய தோல்விகளும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்தால், அந்தத் தொகை அவரைப் பற்றியும் சொல்லாது, விதியைப் பற்றியும் சொல்லாது.

இதை எழுதும்போது என் அப்பாவின் நினைவு வருகிறது. அவர் இங்குள்ள ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவர். காலைப் பெரட்டில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் குறிப்பதும், மதியம் ஸ்டோரில் பால் நிறுத்து ஆளுக்காள் எழுதுவதும் அவர் வேலை. 1972இல் எடை அளவைச் சட்டம் வந்து, பின்வந்த ஆண்டுகளில் நம் நாட்டில் ராத்தல் போய்க் கிலோ வந்தது. நேற்றுவரை 40 என்று எழுதிய ஒரு வெட்டுக்காரரின் பெயருக்கு நேரே மறுநாள் 18 என்று எழுத வேண்டியிருந்தது. பால் குறையவில்லை, அளவுதான் மாறியது. அப்பா பழைய பக்கங்களைத் திருத்தி எழுதவில்லை. அந்த நாளில் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, கோட்டின்மேல் ராத்தல் என்றும் கீழே கிலோ என்றும் எழுதிவைத்தார். பின்னாளில் அந்தப் புத்தகத்தைத் திறந்த யாரும் அந்த மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. ராத்தலையாவது கிலோவாக மாற்றிக் கொள்ள ஒரு வாய்பாடு உண்டு. 9ஆம் பதிப்பு வெற்றியை 10ஆம் பதிப்பு வெற்றியாக மாற்ற எந்த வாய்பாடும் கிடையாது என்பதால், நமக்கு அந்தக் கோடு இன்னும் அவசியமாகிறது.

ஆட்ட முடிவின் எண்களுக்கும் இதே நிலைதான். 9, 10 இரண்டு பதிப்புகளிலும் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 100 வெற்றிப் புள்ளி. இந்த ஒற்றுமையை நம்பித்தான் பலர் இரண்டையும் கூட்டுகிறார்கள். ஆனால் 9ஆம் பதிப்பின் 100, முதன்மை இலக்குக்கு 45, துணை இலக்குகளுக்கு 45, வண்ணம் பூசிய படைக்கு 10 என்று பிரிந்தது. 10ஆம் பதிப்பில் அது 50, 40, 10. முன்பு துணை இலக்குகளை ஆட்டத்துக்கு முன்பே நமக்கேற்றபடி தேர்ந்துகொண்டோம். இப்போது நிலையான இரண்டை எடுக்கலாம், அல்லது முறைக்கு முறை சீட்டு எடுத்து வந்ததை நிறைவேற்றலாம். சீட்டெடுத்து வாங்கிய 80 புள்ளியும் திட்டமிட்டு வாங்கிய 80 புள்ளியும் ஒரே சாமர்த்தியத்தைக் காட்டுவதில்லை. ஆட்டத்தின் நீளமும் ஒன்றாக இருந்ததில்லை. 8ஆம் பதிப்பின் பல களங்களில் ஐந்தாம் சுற்று முடிந்ததும் பகடை போட்டு, ஆறாவது, ஏழாவது சுற்று உண்டா என்று பார்த்தோம். 9ஆம் பதிப்பிலிருந்து ஐந்து சுற்று என்பது உறுதியானது. கடைசிச் சுற்று எது என்று தெரிந்தவர் ஆடும் ஆட்டம் வேறு, தெரியாதவர் ஆடும் ஆட்டம் வேறு.

மேசையே மாறியது. 6 அடிக்கு 4 அடி என்பதுதான் நெடுங்காலம் பழகிய அளவு. 9ஆம் பதிப்பு, படையின் விலை 2000 புள்ளியாக இருக்கும் ஆட்டத்துக்குக் குறைந்தபட்ச அளவாக 60 அங்குலத்துக்கு 44 அங்குலம் என்று குறிப்பிட்டது. பெரும்பாலோர் அதையே அளவாகக் கொண்டார்கள். எங்கள் தோட்டத்து மண்டபத்தில் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகைகள்தான் இருந்தன. அவற்றை வெட்ட மனமில்லாமல் நீல டேப்பால் எல்லை ஒட்டினோம். நீளத்தில் 12 அங்குலம் குறைந்தது சிறிய விஷயமன்று. தூரத்தில் நின்று சுடும் படைக்கு ஓடி ஒளிய இடம் குறைந்தது. ஓடிப்போய் மோதும் படைக்குக் கடக்கவேண்டிய தூரம் குறைந்தது.

புள்ளி என்று நாம் சொல்லும் படையின் விலையும் அப்படித்தான். 9ஆம் பதிப்பில் ஆயுதங்கள் பலவற்றுக்கும் தனித்தனி விலை கொடுத்துப் படை அமைத்தோம். 10ஆம் பதிப்பில் ஒரு பிரிவின் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ற ஒரே விலைதான். ஆயுதம் எதுவானாலும் கூடுதல் இல்லை. எனவே அன்றைய 2000 புள்ளிப் படையும் இன்றைய 2000 புள்ளிப் படையும் ஒரே எடையுள்ளவை அல்ல.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது: பதிப்பு எண்ணை மட்டும் எழுதினால் போதாது. முன்பெல்லாம் ஒரு பதிப்பு வந்தால் அடுத்தது வரும்வரை விதிநூல் பெரும்பாலும் மாறாது. ஒவ்வொரு படைக்கும் உரிய கோடெக்ஸ் நூல் வரும்போது மட்டும் சமநிலை ஆடும். இப்போது இந்த விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் ஆண்டுக்குச் சில தடவை புள்ளிகளையும் சில விதிகளையும் திருத்தி வெளியிடுகிறது. ஒரே பத்தாம் பதிப்புக்குள்ளேயே 2023 ஆகஸ்டில் ஆடிய ஆட்டமும் 2024 ஆகஸ்டில் ஆடிய ஆட்டமும் வேறு வேறு விலைப்பட்டியலில் நடந்தவை. இதற்காக ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஆட்டத்தைவிடக் கோடுகளே அதிகமாகிவிடும். பதிப்புக்குக் கோடு, திருத்தத்துக்குக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் எந்த மாதத்துப் புள்ளிப்பட்டியல் நடப்பில் இருந்தது என்று ஓரத்தில் எழுதினால் போதும்.

செயலியில் படை அமைப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். புள்ளி மாறியதும் செயலியில் சேமித்த படைப்பட்டியலின் விலையும் மாறிவிடும். போன மாதம் சரியாக 2000 இருந்த படை இன்றைக்குத் திறந்தால் 2035 காட்டும். பிறகு அதைப் பார்ப்பவர் நீங்கள் அளவுக்கு மீறிய படையோடு வந்து வென்றீர்கள் என்று நினைக்கக்கூடும். ஆட்டத்தன்று இருந்த பட்டியலைக் கையால் எழுதுங்கள், அல்லது அச்சிட்டு ஒட்டுங்கள். நாங்கள் மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 குறிப்பேட்டில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். சட்டைப் பையில் அடங்கும், ஒரு பக்கத்துக்கு ஓர் ஆட்டம் என்று கச்சிதமாக இருக்கிறது. குழுவின் பெரிய புத்தகத்தில் தேதி, பதிப்பு, புள்ளிப்பட்டியலின் மாதம், ஆட்டத்தின் அளவு, களத்தின் பெயர், இருவரின் படையும் அதன் அணிவகுப்பு வகையும், முதலில் ஆடியவர் யார், முதன்மைப் புள்ளியும் துணைப் புள்ளியும் தனித்தனியாக, எந்தச் சுற்றில் முடிந்தது என்பவற்றை எழுதுகிறோம். விதியில் சந்தேகம் வந்து இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தால் அந்த முடிவையும் ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். அதற்குப் பின் அதே சந்தேகம் இரண்டாம் முறை அரைமணி நேரத்தை விழுங்கியதில்லை.

நீங்கள் தனி ஆட்டங்களோடு குருசேடு முறையிலும் விளையாடியிருந்தால் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. 2020இல் 9ஆம் பதிப்போடு வந்த அந்த முறையில், ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அட்டை உண்டு. ஆட்டந்தோறும் அனுபவம் கூடும், விருதும் கிடைக்கும், வடுவும் படும். இங்கே பதிவேடுதான் விளையாட்டின் உயிர். 9ஆம் பதிப்பில் படைத்தொகுதியின் எல்லை தொடக்கத்தில், பிரிவுகளின் பலத்தைத் தோராயமாகக் காட்டும் சக்தி எண்ணில் 50ஆக இருந்தது; 10ஆம் பதிப்பில் சக்தி எண்ணே கைவிடப்பட்டு 1000 புள்ளி என்று ஆனது. விருதுகளின் பட்டியலும் மாறியது. பல ஆண்டு வளர்த்த ஒரு சார்ஜண்டை முதல் நாள் சிப்பாயாக்க யாருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். பழைய அட்டைகளை அப்படியே ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டு, அதே வீரருக்குப் புதிய அட்டை எழுதுங்கள். பெயரும், எங்கே எந்தப் போரில் கண்ணை இழந்தார் என்ற கதையும் புதிய அட்டைக்கு வரட்டும். விதியால் கிடைத்த எண்கள் வேண்டாம். அனுபவப் புள்ளியைக் கொஞ்சம் கொண்டுவர வேண்டுமென்றால் எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்து, அதைத் தொடக்க இருப்பு என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

எல்லாப் போர் விளையாட்டுகளும் இப்படி மூன்றாண்டுக்கொருமுறை புரளுவதில்லை. 1985இல் வந்த அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் என்ற இரண்டாம் உலகப்போர் விளையாட்டின் விதிநூல், தாள்களைக் கழற்றி மாட்டும் கோப்பாக வந்தது. திருத்தம் வந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். 2001இல் இரண்டாம் பதிப்பு வந்தபோதும் விளையாட்டின் அடித்தளம் மாறவில்லை. அதனால் அதன் விளையாட்டாளர்கள் ஒரு களத்தை எத்தனை முறை ஜெர்மானியர் வென்றனர், எத்தனை முறை ரஷ்யர் வென்றனர் என்று பல்லாண்டுக் கணக்கை ஒன்றாகவே வைத்துப் பேச முடிகிறது. சதுரங்கத்தில் ஃபீடே என்ற உலக அமைப்பு 1970இல் ஏற்ற ஈலோ தரவரிசை இன்றுவரை தொடர்வதற்கும் விதி அசையாமல் இருப்பதே காரணம். ஆனாலும் அங்கேகூட 2012 முதல் வழக்கமான ஆட்டம், விரைவு ஆட்டம், மின்னல் ஆட்டம் என்று மூன்று தனித் தரவரிசைகள் இருக்கின்றன. காய்கள் அதே, கட்டங்கள் அதே. கடிகாரம் மட்டும் வேறு. அதற்கே தனிக்கணக்கு என்றால், வீரரின் பலமும் மேசையின் அளவும் வெற்றியின் இலக்கணமும் மாறிய இரண்டு பதிப்புகளை ஒன்றாக்க நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பழைய பதிப்பையே தொடர்ந்து விளையாடக் கூடாதா என்று உங்களில் ஒருவர் கேட்டிருப்பார். தாராளமாக விளையாடலாம்; புதிய நூல் வந்ததால் பழைய நூலின் எழுத்துகள் அழிந்துவிடுவதில்லை. ஆனால் நம்மைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் எதிரே உட்கார ஆள் கிடைப்பதே அரிது. நால்வர் உள்ள ஒரு குழுவில் இருவர் 9இலும் இருவர் 10இலும் நின்றால் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் எதிராளிதான் மிஞ்சுவார். ஓராண்டுக்குள் இரண்டு பக்கமும் சலித்துவிடும். கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ போய் விளையாடினாலும் பெரும்பாலும் நடப்புப் பதிப்புதான் மேசையில் இருக்கும். ஆகவே எல்லோரும் ஒரே பதிப்பில் நிற்பதையே நான் சொல்வேன். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் 5ஆம் பதிப்பை விட மனமில்லாதவர். மாதத்தின் கடைசி ஞாயிறு அவருக்காக ஒதுக்கியிருக்கிறோம். அந்த ஆட்டங்களின் முடிவு 5ஆம் பதிப்புப் பக்கத்தில், பழைய கோட்டுக்கு மேலே விட்டுவைத்த இடத்தில்தான் ஏறும்.

புதிய பதிப்பின் முதல் ஆறு ஆட்டங்களை நாங்கள் பயிற்சி என்று குறிப்போம். புத்தகத்தில் இருக்கும், கூட்டுத்தொகையில் சேராது. அந்த ஆட்டங்களில் பாதி நேரம் பழைய விதி நாக்கில் வந்து நிற்கும். யாராவது நினைவிலிருந்து சொன்னால் நம்பாமல் பக்கத்தைத் திறந்து பார்ப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பை நன்றாக அறிந்தவர்தான் இதில் அதிகம் தவறுவார். புதிதாக வந்தவர் சரியாகச் சொல்வார். அதை வயதாலோ அனுபவத்தாலோ அடக்காமல் கேட்டுக்கொண்டால் குழு நிலைக்கும்.

சிங்கப்பூருக்குப் போன நண்பர் 9ஆம் பதிப்பில் முதலிடத்தில் இருந்தவர். அந்தக் கணக்கு முடிந்துவிட்டதால் அந்த இடத்தை இனி யாரும் அவரிடமிருந்து எடுக்க முடியாது. அவரும் அங்கே உட்கார்ந்துகொண்டு புதிய பட்டியலை மறிக்க மாட்டார். கோடு போடும் பக்கத்தைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள். தீபாவளிக்கு ஊர் வரும்போது அவருடைய படையைப் 10ஆம் பதிப்புப் புள்ளியில் எழுதித் தயாராக வைத்திருங்கள். அவருடைய முதல் ஆறு ஆட்டங்களும் பயிற்சிக் கணக்கிலேயே இருக்கட்டும்.